இப்போது, ஒரு நிமிடத்தில்

லிங்கன்ஷயரில் நான் வளர்ந்தபோது
நௌ என்றால் நௌதான்.
அம்மா மாடிப்படியடியில் நின்று ஒருமுறை சொல்வாள்,
அதற்குள் காலில் ஷூ இருக்க வேண்டும்.
தட்டையான நிலம் அது. முட்டைக்கோஸ் வயலுக்கு அப்பால்
வருகிற பேருந்து பத்து நிமிடம் முன்பே தெரியும்.

வேல்ஸுக்கு வந்த முதல் வாரம்
குழாய் ரிப்பேர்காரர் போனில் சொன்னார்:
"நௌ இன் எ மினிட் வந்துடறேன்."
வாசலில் நின்றேன்.
வியாழன் போய் வெள்ளி வந்தது.
அது பொய்யில்லை என்று விளக்கினாள் டெலித்,
பிஸ்கட்டைத் தேநீரில் நனைத்தபடி.
இங்கே மலைகள் அதிகம்.
அடுத்த வளைவுக்குப் பின்னால் இருக்குமாம் நௌ.
இல்லை என்று யாரும் சொல்ல முடியாதாம்.

ஆம்புலன்ஸ் அழைப்பு அறையில் எனக்கு இரவு வேலை.
கையேட்டின் நாலாம் பக்கம் முழுக்க இந்தச் சொற்கள்தான்.
கரண்ட்லி வேண்டாம், அது படிவங்களின் பாஷை,
மூச்சுக்குப் பொருந்தாது.
பிரசென்ட்லி வேண்டவே வேண்டாம்:
வடக்கே ஸ்காட்லாந்தில் அது இக்கணம்,
தெற்கே இன்னும் சற்று நேரத்தில்,
நடுவில் ஒருவர் செத்துப்போகலாம்.
நௌவடேஸ் என்று ஆரம்பிப்பவரைக் குறுக்கிடு.
டாக்டர் கிடைப்பதில்லை, தபாலாபீஸை மூடிவிட்டார்கள்,
அவர்கள் வலிக்கு வந்துசேர விடிந்துவிடும்.
கேட்க வேண்டியது ரைட் நௌ.
அதையும் மெதுவாக, இரண்டு முறை.

பிப்ரவரி. மூன்றேகால் மணி.
எய்ர்வின் என்று பெயர் சொன்னார்.
மனைவி சமையலறைத் தரையில்.
மூச்சு இருக்கிறதா?
"இருந்தது, நௌ."

இருந்தது என்றால் போய்விட்டது.
நௌ என்றால் போகவில்லை.
இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு
என் பதிலுக்குக் காத்திருந்தார்.

எப்போது விழுந்தார்?
"ஜஸ்ட் நௌ."
ரைட் நௌ, எய்ர்வின், ரைட் நௌ
நெஞ்சு ஏறி இறங்குகிறதா?
நீண்ட நேரம் ஒன்றுமில்லை.
பிறகு, "இல்லை."
பிறகு, "வண்டி எப்ப வரும்?"

திரையைப் பார்த்தேன். கெத்தினின் வண்டி
மலைக்கு அந்தப் பக்கம், பதினேழு மைல்,
பனி உறைந்த சாலை, வழியில் ஆடுகள்.
என் வாயிலிருந்துதான் வந்தது, என் காதே கேட்டது:
"நௌ இன் எ மினிட்."

அம்மா கேட்டிருந்தால் மாடிப்படி அதிர்ந்திருக்கும்.
அவரோ "சரி கண்ணு" என்றார்,
குரல் முதன்முறையாகத் தணிந்து.

ஸ்பீக்கரில் போடுங்கள். மண்டியிடுங்கள்.
மார்பின் நடுவில் உள்ளங்கை. அழுத்துங்கள்.
நான் எண்ணினேன். ஒன்று, இரண்டு.
அழுத்தும்போது நௌ,
கை மேலெழும்பியதும் அது ஜஸ்ட் நௌ.
முப்பது முடிந்து மறுபடி ஒன்று.
முழங்கால் வலிக்கிறது என்றார். நிறுத்தவில்லை.
நாய் குரைத்தது.
பின்னால் ஒரு கெட்டில் கொதித்து டக்கென்று அணைந்தது,
அவள்தான் போட்டிருப்பாள்.

பத்தொன்பது நிமிடம்.
கதவு, பூட்ஸ் சத்தம், கெத்தினின் குரல்:
"நகருங்க சார், இனி நாங்க."
இணைப்பு அறுந்தது.
எங்கள் பங்கு அதுவரைதான்.
மூடிய அழைப்பைத் திறந்து பார்ப்பது விதிமீறல்.
கெத்தின் அந்த வாரமே மாற்றலாகிப் போனான்.

ஏப்ரலில் ஓர் அட்டை.
முன்பக்கம் மஞ்சள் டாஃபடில் பூக்கள்,
உள்ளே நடுங்கும் நீல மசி:
நன்றி. நெஸ்டா நௌ வீட்டில். எய்ர்வின்.

நான் கைதட்டிவிட்டேன்.
டெலித் கண்ணாடியைக் கழற்றினாள்.
அவளுடைய சபையில், அடக்கம் முடிந்து வரும்போது,
வீடு சேர்ந்தாள் என்றுதான் சொல்வார்களாம்.
அப்படியானால் இது?
"தெரியல," என்றாள். "வீடுன்னா வீடாவும் இருக்கலாம்."

தேநீர் முறைப் பட்டியலுக்குப் பக்கத்தில் குத்தியிருக்கிறோம்.
போகிற வருகிறவர்கள் படிக்கிறார்கள்,
பாதிப் பேர் சிரிக்கிறார்கள், பாதிப் பேர் தொப்பியைத் தொடுகிறார்கள்.
திருப்பிப் பார்த்துவிட்டோம், உறையையும்.
அவர் தேதி போடவில்லை.